செயலியை மாற்றுவதா, பொறுப்பதா?



பொங்கல் விடுமுறையில் மரக்காணத்திலுள்ள என் தமக்கையின் இல்லத்திற்குச் சென்றிருந்தேன். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து, உப்பளங்களில் சேற்றை அள்ளி, வரப்புகளைக் கட்டி, பாத்திகளை மிதித்துச் சமன்செய்யும் காலம் அது. வருவாய் நின்று, செலவு மட்டும் முன்னே நிற்கும் காலமும் அதுவே.

அந்த வேளையில்தான் கல்லூரியில் பயிலும் தமக்கை மகன் என்னைத் தனியே அழைத்து, "மாமா, என் கணிப்பொறிக்குப் புதிய பிராசசர் வாங்க வேண்டும். நீங்கள் சொன்னால் அப்பா கேட்பார்" என்றான். செய்தி அத்தானின் செவிக்கும் எட்டியது. "வரப்புக்கு வைத்திருக்கும் பணத்தை விளையாட்டுக்குக் கொடுப்பதா?" என்று அவர் சினந்தார். மழைக்கால மாதங்களுக்கென உப்பளத் தொழிலாளர் குடும்பத்திற்கு அரசு அளிக்கும் நிவாரணத் தொகை 5,000 ரூபாய். மகன் கேட்டதோ அதைப்போல் பன்மடங்கு. செயலியோடு தாய்ப்பலகையும் நினைவகமும் சேர்ந்த பட்டியலை அவன் எழுதி வைத்திருந்தான். தமக்கை ஒன்றும் பேசவில்லை. மகனும் தந்தையும் இரண்டு நாட்களாகச் சேர்ந்து உண்ணவில்லை என்பதை மட்டும் பின்னர் என்னிடம் கூறினாள்.

விளையாட்டே வீண் என்று தள்ளிவிடுவது எளிது. கேட்டதை வாங்கிக் கொடுத்துவிடுவதும் எளிது. இரண்டுக்கும் முன்னர், குறை உண்மையில் எங்கே இருக்கிறது என்று பார்ப்போம் என்றேன்.

உப்பளத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். கடல்நீர் தேக்கத்தில் நின்று, வெயிலில் செறிந்து, கடைசிப் பாத்திகளில் உப்பாக விளைகிறது. செறிந்த நீர் போதாதபோது, உப்பு வாரும் ஆட்களை இருமடங்காக்கினாலும் உப்பு கூடாது. கணிப்பொறியும் அவ்வாறே. ஆட்டத்தில் யார் எங்கே நகர்கிறார், எது எதன்மேல் மோதுகிறது என்று செயலி கணக்கிடுகிறது. அதைப் படமாகத் தீட்டுவது வரைகலை அட்டை. இரண்டில் மெதுவானது எதுவோ, அதன் வேகமே ஆட்டத்தின் வேகம்.

இதை அறிய ஒரு சோதனை உண்டு. திரையின் படநுணுக்கத்தை 1920×1080 என்பதிலிருந்து 1280×720 ஆகக் குறைத்து, ஒரு நொடிக்கு எத்தனை படங்கள் வருகின்றன என்று பார்க்க வேண்டும். எண்ணிக்கை வெகுவாக உயர்ந்தால் தாமதம் வரைகலை அட்டையில்; உயராது நின்றால் பெரும்பாலும் செயலியில். காசில்லாத சோதனை இது. மகன் அதுவரை செய்து பார்த்ததில்லை.

செய்தான். 2023 இல் வெளிவந்த கவுண்டர்-ஸ்ட்ரைக் 2 என்னும் ஆட்டத்தில் எண்ணிக்கை உயரவில்லை. "பார்த்தீர்களா மாமா!" என்று துள்ளினான். "பொறு தம்பி, அதன் வெப்பம் எவ்வளவு?" என்றேன். 95 பாகை காட்டியது. அவனுடைய ரைசன் 5 1600 செயலிக்கு அதுவே மேல்வரம்பு. அவ்வெல்லையைத் தொட்டால் செயலி தன்னைக் காத்துக்கொள்ளத் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும்.

மின்னிணைப்பை நீக்கிப் பெட்டியைத் திறந்தோம். உப்புக்காற்று ஈரத்தை இழுத்துத் தூசியோடு பிணைத்து, விசிறிக்கடியிலிருந்த உலோகத் தகடுகளின் இடைவெளியை அடைத்திருந்தது. குளிர்விப்பானைக் கழற்றும்போது ஓர் எச்சரிக்கை: இவ்வகைச் செயலியை நேரே இழுத்தால் குளிர்விப்பானோடு பிடுங்கிக்கொண்டு வந்துவிடும். சிறிது நேரம் இயக்கிச் சூடேறிய பின் அணைத்து, மெல்லத் திருகி எடுக்க வேண்டும். காய்ந்து கிடந்த வெப்பப்பசையைத் துடைத்துப் புதிது இட்டோம். செலவு சில நூறு ரூபாய். வெப்பம் 72 பாகைக்கு இறங்கியது. ஆட்டத்தின் திக்கலும் பெருமளவு குறைந்தது.

ஆயினும் மகன் கேட்டதில் நியாயமே இல்லை என்று கூறலாகாது. வெப்பம் தணிந்த பின்னும் அந்த ஆட்டத்தில் செயலியே பின்தங்கியது. மேலும், விண்டோஸ் 10 க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டது. 2017 ஆம் ஆண்டின் அச்செயலி விண்டோஸ் 11 க்கு ஏற்கப்பட்ட பட்டியலில் இல்லை. அதே கணிப்பொறியில்தான் அவன் கல்லூரிப் பணிகளையும் செய்கிறான்.

ஆனால் பட்டியலில் இருந்தவை அனைத்தும் தேவையா? 2022 இல் வந்த ஏஎம்5 வகைச் செயலிக்குப் புதிய தாய்ப்பலகையும் டிடிஆர்5 நினைவகமும் வேண்டும். அவனிடமுள்ள ஏஎம்4 பலகையிலோ, பயாஸ் என்னும் அடிப்படை மென்பொருளைப் புதுப்பித்தால் ரைசன் 5 5600 பொருந்தும். எல்லாப் பலகைக்கும் இவ்வாய்ப்பு இல்லை. இன்டெல்லின் எட்டாம் தலைமுறைச் செயலிகள் 2017 இல் வந்தபோது, பொருத்துவாயின் பெயர் முன்போல எல்ஜிஏ 1151 ஆகவே இருந்தும், பழைய பலகைகளில் அவை இயங்கவில்லை. எனவே பலகை செய்த நிறுவனத்தின் பட்டியலைப் பாராமல் செயலி வாங்கலாகாது. புதுப்பித்தலைப் பழைய செயலி இருக்கும்போதே முடிக்க வேண்டும். நடுவில் மின்சாரம் நின்றால் பலகையே பழுதாகலாம். மின்வெட்டுள்ள ஊர்களில் யுபிஎஸ் இன்றித் தொடங்க வேண்டாம்.

மகன் பட்டியலில் இரண்டு வரிகளை அடித்தான். எஞ்சிய ஒன்றைத் தந்தையிடம் தானே கொண்டு சென்றான். அத்தான் அதை வாங்கிப் பார்த்து, "இது எதற்கு, அது ஏன் வேண்டாம்?" என்று கேட்டார். அரை மணி நேரம் மகன் விளக்கினான். "முதல் உப்பு விலை போகட்டும். பாதி நான் தருகிறேன், மீதிக்கு நீ வழி பார்" என்றார் அவர். விடுமுறை நாட்களில் பாத்தி மிதிக்க வருவதாக மகன் ஒப்புக்கொண்டான்.

பெற்றோரே, உங்கள் இல்லத்திலும் இக்கேள்வி எழலாம். குறை எந்த உறுப்பில் என்று சோதித்தாயா, இருப்பதைத் தூய்மை செய்தாயா, புதியது பழைய பலகையில் பொருந்துமா என்று மூன்றையும் கேளுங்கள். பிள்ளைகளே, அம்மூன்றுக்கும் விடையோடு வாருங்கள். அன்றிரவு தமக்கை வீட்டில் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் இலை போடப்பட்டது.