வானத்தில் துண்டு போட்டு இடம் பிடிக்கலாமா?

மாலையில் பள்ளி விட்டதும் பேருந்து நிலையத்தில் நாம் அன்றாடம் காணும் காட்சி ஒன்று உண்டு. வண்டி நிற்பதற்கு முன்பே ஜன்னல் வழியாக ஒரு துண்டு உள்ளே விழும். துண்டுக்கு உரியவர் பின்னால் மெதுவாக ஏறி வந்து அமருவார். முட்டி மோதி முதலில் ஏறிய பாட்டி கம்பியைப் பிடித்து நின்றுகொண்டே வருவார். இது நியாயம் என்று எவரும் சொல்வதில்லை. ஆனாலும் அந்தத் துண்டை எடுத்து எறியும் துணிவும் எவருக்கும் இல்லை. வானத்திலும் ஏறத்தாழ இந்த வழக்கமே நடைபெறுகிறது என்று பௌதிக வகுப்பில் அறிந்தபோது நாங்கள் முதலில் சிரித்தோம். பிறகு சற்றுக் கோபமும் வந்தது.

வானத்தில் போடப்படும் துண்டு செயற்கைக்கோள். பிடிக்கப்படும் இடமோ கண்ணுக்குத் தெரியாத வானொலி அலைவரிசை. இதற்கும் பத்தாம் வகுப்பு மாணவியருக்கும் என்ன தொடர்பு என்று பெற்றோர் கேட்கலாம். எங்கள் வகுப்பில் கடலுக்குச் செல்வோரின் பிள்ளைகள் பலர். அவர்களுடைய தாத்தாக்கள் கரையிலுள்ள கோவில் கோபுரத்தையும் மலைமுகட்டையும் இரவில் நட்சத்திரங்களையும் பார்த்து வழி கண்டவர்கள். அப்பாக்களின் கையில் இருப்பதோ ஜி.பி.எஸ். கருவி. வலையைக் கிழிக்கும் பாறை எங்கே, சென்ற வாரம் மீன் கிடைத்த இடம் எங்கே, வீடு எந்தத் திசையில் என்பதெல்லாம் அதில் எண்களாக இருக்கின்றன. 2017 நவம்பர் இறுதியில் ஒக்கிப் புயல் அடித்தபோது ஆழ்கடலில் இருந்தவர்களுக்குக் கரையிலிருந்து செய்தி எட்டவில்லை. கைத்தொலைபேசிக் கோபுரத்தின் அலை அவ்வளவு தூரம் செல்லாது. 2019இல் நம் அரசு அறிமுகப்படுத்திய ஜெமினி என்னும் கருவி, ககன் செயற்கைக்கோள்கள் வழியாகப் புயல் எச்சரிக்கையைப் படகுக்கே கொண்டு செல்கிறது. ஆகவே இது எங்கள் வீட்டு விஷயம்தான்.

இந்த அலை எவ்வளவு மெலிந்தது தெரியுமா? ஜி.பி.எஸ். செயற்கைக்கோள் சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றுகிறது. அங்கிருந்து தரைக்கு வந்து சேரும் சக்தி, ஒரு வாட்டை நூறு கோடிப் பங்காக்கி, அதில் ஒரு பங்கை எடுத்து மீண்டும் ஒரு கோடிப் பங்காக்கினால் கிடைப்பதற்கு ஏறத்தாழச் சமம். தேர்வு மண்டபத்தின் கடைசி வரிசையிலிருந்து ஒருத்தி முணுமுணுப்பது போலத்தான். பக்கத்தில் யாராவது நாற்காலியை இழுத்தால் போதும், அது காதில் விழாது.

ஆகையால் ஒழுங்கு வேண்டும். அந்த ஒழுங்கைப் பார்த்துக்கொள்வது ஜெனீவாவிலுள்ள சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியம். தந்திக்காக 1865இல் பாரிஸ் நகரில் 20 நாடுகள் கூடித் தொடங்கிய சங்கமே இன்று 194 நாடுகளின் ஒன்றியமாக, ஐ.நா. சபையின் சிறப்பு அமைப்பாக விளங்குகிறது. மூன்று நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை உலக வானொலி மாநாடு கூட்டி, எந்த அலைவரிசை எந்தப் பணிக்கு என்று விதி வகுக்கிறார்கள். செயற்கைக்கோள் விடப்போகும் நாடு முன்கூட்டியே பதிவு செய்ய வேண்டும். குறித்த ஆண்டுகளுக்குள் அந்த அலைவரிசையில் ஒலிபரப்பிக் காட்டவும் வேண்டும். காட்டாவிட்டால் பதிவு போய்விடும். பின்னால் வருகிறவர் முன்னால் பதிந்தவருக்கு இடையூறு செய்யாமல் பேசி முடித்துக்கொள்ள வேண்டும்.

துண்டு விழுவது இங்கேதான். ஐரோப்பியர் கலிலியோ என்னும் திட்டத்தைத் தீட்டினார்கள். திட்டம் முடிய இன்னும் பல ஆண்டுகள் இருந்தன. பதிவின் காலக்கெடுவோ நெருங்கிவிட்டது. என்ன செய்தார்கள்? 2005 டிசம்பர் 28 அன்று ஜியோவ்-ஏ என்ற சோதனைச் செயற்கைக்கோளை ஏவி, அடுத்த மாதமே அதிலிருந்து அலை அனுப்பினார்கள். சோதனை ஒரு நோக்கம். அலைவரிசையை இழக்காமல் காப்பது இன்னொரு நோக்கம். இதை அவர்கள் மறைக்கவும் இல்லை. 2007 ஏப்ரலில் சீனாவும் தன் காலக்கெடு முடியும் தறுவாயில் ஒரு செயற்கைக்கோளை ஏவியது. சீனர் விரும்பிய அலைவரிசையில் ஒரு பகுதி கலிலியோவினுடையதன் மேலேயே விழுந்தது. அதைத் தீர்க்கப் பல ஆண்டுகள் பேச்சு நடந்தது.

முதலில் வந்தவருக்கு உரிமை இல்லையென்றால், கோடி கோடியாகச் செலவிட்டு யார் செயற்கைக்கோள் செய்வார்கள் என்று எங்களுள் ஒருத்தியின் தந்தை கேட்டார். அவர் சொல்வதில் நியாயம் உண்டு. விதியே இல்லாத சந்தையைவிடத் துண்டு மேல். ஆனால் இந்த விதியில் முதலில் வருகிறவர் எப்போதும் பணக்கார நாடாகவே இருப்பார் அல்லவா? ஜி.பி.எஸ். அமைப்பின் முதல் செயற்கைக்கோள் 1978இல் ஏறியது. நம் நாவிக் அமைப்பின் முதல் செயற்கைக்கோள் ஏறியது 2013 ஜூலையில். அந்த 35 ஆண்டுகளில் நமக்கு அறிவு இல்லாமல் போகவில்லை, கைப்பணம்தான் குறைவு. இன்னும் தொடங்காத நாடுகளின் நிலையை எண்ணிப் பாருங்கள்.

இதைவிட நல்ல வழி ஒன்று இருக்கிறது. அதுவும் அதே ஒன்றியத்தின் ஏட்டில்தான் இருக்கிறது. 1164 முதல் 1215 மெகாஹெர்ட்ஸ் வரையுள்ள பகுதியில் விமானங்களுக்குத் தூரம் சொல்லும் தரை நிலையங்கள் நெடுங்காலமாக இயங்கி வருகின்றன. 2000ஆம் ஆண்டு இஸ்தான்புல் மாநாட்டில் அந்தப் பகுதியை வழிகாட்டும் செயற்கைக்கோள்களுக்கும் திறந்துவிட்டார்கள். இன்று ஜி.பி.எஸ்., கலிலியோ, சீனாவின் பெய்டூ, நம் நாவிக் நான்கும் அங்கே 1176.45 மெகாஹெர்ட்ஸ் என்னும் ஒரே புள்ளியில் ஒலிபரப்புகின்றன. ஒவ்வொன்றுக்கும் தனித்தனிக் குறியீடு உண்டு; பள்ளி வாசல் இரைச்சலிலும் நம் அம்மாவின் குரலை நாம் அறிந்துகொள்வது போலக் கருவி தனக்கு வேண்டியதைப் பிரித்தெடுக்கும். ஆனால் எல்லா அம்மாக்களும் உரக்கக் கூவினால் வாயிற்காவலர் சொல்வது யாருக்குக் கேட்கும்? விமானங்களுக்கு வந்த ஆபத்து அதுவே. எனவே 2003இல் ஜெனீவா மாநாடு ஓர் உச்சவரம்பு வைத்தது. தனித்தனி நாட்டுக்கு அல்ல. எல்லா நாடுகளின் செயற்கைக்கோள்களும் சேர்ந்து தரையில் பொழியும் மொத்த சக்திக்கு. அந்த வரம்பைக் காக்க நாடுகள் ஒரே மேசையில் உட்கார்ந்து கணக்கைக் கூட்டிப் பார்க்கின்றன. ஒருவர் கூட்டினால் மற்றவருக்குக் குறையும் என்பது எல்லோருக்கும் தெரிந்த கணக்கு. இங்கே எவருடைய துண்டும் செல்லாது. விமானத்துக்காகச் செய்ததை, பின்னால் வரும் நாடுகளுக்காக மற்ற அலைவரிசைகளிலும் ஏன் செய்யக் கூடாது என்பதே எங்கள் கேள்வி.

விதியை மீறுவோர் கதை வேறு. அமெரிக்காவில் நூவர்க் விமான நிலையத்தின் அருகே ஒருவர், தாம் எங்கே போகிறோம் என்று முதலாளி அறியக் கூடாது என்பதற்காக வண்டியில் சிறு கருவி ஒன்றை மாட்டி ஜி.பி.எஸ். அலையை மறைத்தார். விமானங்கள் தரையிறங்க உதவும் ஏற்பாடு அதனால் தடைப்பட்டது. 2013இல் அவருக்கு விதித்த அபராதம் ஏறத்தாழ 32,000 டாலர்! ஆனால் ஒரு நாடே போர்க்காலத்தில் இதைச் செய்தால்? ஒன்றியத்தின் சாசனம் 48ஆம் பிரிவில் இராணுவ நிலையங்களுக்கு முழுச் சுதந்திரம் தந்து, இயன்றவரை பிறருக்கு இடையூறு செய்யாதிருங்கள் என்று மட்டும் கேட்டுக்கொள்கிறது. இயன்றவரை என்ற சொல்லை வீட்டுப்பாடத்துக்கு நாங்கள் பயன்படுத்தினால் சிஸ்டர் விடுவாரா? 2025 மார்ச்சில் இந்த ஒன்றியமும் விமானப் போக்குவரத்து, கப்பல் போக்குவரத்து ஆகியவற்றுக்கான ஐ.நா. அமைப்புகளும் சேர்ந்து, இத்தகைய இடையூறு பெருகுவது குறித்துக் கவலை தெரிவித்தன. பழைய வழிகாட்டும் முறைகளையும் கைவிடாதீர்கள் என்று நாடுகளைக் கேட்டுக்கொண்டன. கோபுரம் பார்த்துக் கரை சேர்ந்த தாத்தாக்கள் இதைக் கேட்டால் மீசைக்குள் சிரிப்பார்கள்.

அடுத்த உலக வானொலி மாநாடு 2027இல் கூடவிருக்கிறது. நம் நாட்டிலிருந்தும் அதிகாரிகள் போவார்கள். ஆழ்கடலில் படகோட்டுகிறவர் எவரும் அந்த மண்டபத்தில் இருக்கப் போவதில்லை. ஆகவே அவர்களுடைய நிலையையும் எங்கள் கேள்வியையும் எழுதித் தில்லியிலுள்ள தொலைத்தொடர்புத் துறைக்கு ஒரு கடிதம் அனுப்பத் தீர்மானித்திருக்கிறோம். 37 பேர் கையொப்பமிட்டாயிற்று. கடிதத்தைத் தமிழில் எழுதுவதா, ஆங்கிலத்தில் எழுதுவதா என்பதில்தான் இன்னும் வகுப்பு இரண்டு கட்சியாக இருக்கிறது.