அவர்களுக்கும் ஒரு ஞாயிறு

தோழியின் மகள் ஜெர்மனிக்கு 'ஓ பேர்' ஆகப் போயிருக்கிறாள். ஒரு குடும்பத்தோடு தங்கி, அவர்கள் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டு, கைச்செலவுக்குக் காசும் வாங்கிக்கொண்டு மொழி படிக்கிற ஏற்பாடு. இந்த வாரம் வாட்ஸ்அப்பில் படங்கள் அனுப்பினாள். பிரேசில், ஜார்ஜியா, கொலம்பியா என்று பல நாட்டுப் பெண்கள் ஏரிக்கரையில் துணி விரித்து உட்கார்ந்திருக்கிறார்கள். நடுவில் இவள் சுட்ட வடை. பார்த்ததும் மனசு நிறைந்துவிட்டது. அங்கே வாரத்துக்கு 30 மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக்கூடாது; ஒன்றரை நாள் ஓய்வு உண்டு. இந்தப் பிள்ளைகளுக்கு மொழி படிக்கவும் பண்பாட்டில் தேறவும் நேரம் விட வேண்டும் என்று 1969-லேயே ஸ்ட்ராஸ்பர்க்கில் உடன்படிக்கை எழுதிவிட்டார்கள்.

அவளைப் பற்றி எழுதத்தான் உட்கார்ந்தேன். கை வரலாற்றாசிரியர் ரோசினா விஸ்ராமின் புத்தகத்துக்குப் போய்விட்டது. 1986-இல் வந்த 'ஆயாஸ், லஸ்கார்ஸ் அண்ட் பிரின்ஸஸ்'. பிரிட்டிஷ் ஆட்சிக் காலத்தில் இந்தியாவிலிருந்து வெள்ளைக்காரக் குடும்பங்கள் கப்பலேறும்போது குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள நம் பெண்களை ஆயாக்களாகக் கூட்டிப்போனார்கள். கரை சேர்ந்ததும் சிலரைத் திரும்பி வரச் சீட்டுகூட இல்லாமல் கைவிட்டார்கள். அவர்களுக்கென்று லண்டன் ஆல்ட்கேட்டில் ஓர் இல்லம் இருந்தது. 1900-இல் அது ஹாக்னி வட்டாரத்தில், கிங் எட்வர்ட்ஸ் சாலை 26-ஆம் எண் வீட்டுக்கு மாறியது. முப்பது அறைகள். ஆண்டுக்கு நூறு பேர் அளவில் வந்து தங்கினார்கள், ஆமாக்கள் எனப்பட்ட சீனத்து ஆயாக்கள் உட்பட. நடத்தியவர்கள் மிஷன்காரர்கள், மதம் மாற்றும் நோக்கமும் இருந்தது. அது எனக்கு உவப்பில்லை. ஆனாலும், ஊர் திரும்பக் கப்பல் கிடைக்கும்வரை, தன் பாஷை பேசுகிற இன்னொருத்தியின் பக்கத்தில் உட்கார்ந்து துணி தைக்க அங்கே ஓர் இடம் இருந்தது. 2022-இல் அந்த வீட்டுச் சுவரில் நீல நினைவுப் பலகை பதித்தார்கள்.

இங்கே ஜொகூரின் தெப்ராவில், வீட்டு வேலைக்கு வந்த பெண்களுக்கு என்ன இருக்கிறது?

எங்கள் தாமானில் குப்பை லாரி வருகிற காலைகளில் கவனியுங்கள். இரண்டு வீட்டு இந்தோனேசியப் பணிப்பெண்கள் தொட்டியைத் தள்ளிக்கொண்டு வாசலுக்கு வருவார்கள். கேட்டின் கம்பி வழியே வறுத்த தெம்பே டப்பா ஒன்று கைமாறும். ஊர்ச் சேதி நாலு வார்த்தை. லாரி நகர்ந்ததும் இருவரும் உள்ளே போய்விடுவார்கள். கூட்டம், கொண்டாட்டம் எல்லாம் அந்த நேரத்துக்குள்தான்.

2014 முதல் வெள்ளி, சனி என்றிருந்த ஜொகூரின் வார விடுமுறை 2025 ஜனவரியில் சனி, ஞாயிறுக்குத் திரும்பியதே, அப்போது எத்தனை பேசினோம்! கோயிலுக்குப் போகலாம், கல்யாணத்துக்குப் போகலாம் என்று. அந்தப் பேச்சில் இந்தப் பெண்கள் இல்லை. மலேசியாவின் 1955-ஆம் ஆண்டு வேலைச் சட்டத்தின் வார ஓய்வு நாள் வீட்டுப் பணியாளருக்குப் பொருந்தாது. இந்தோனேசியாவோடு 2011-இல் செய்த உடன்பாட்டில் வாரம் ஒரு நாள் ஓய்வு இருந்தது. ஆனால் அன்றைக்கும் வேலை வாங்கிவிட்டுக் காசு கொடுத்துவிடலாம் என்றிருந்தது. பாலம் தாண்டினால் சிங்கப்பூரில் 2023 முதல் மாதத்தில் ஒரு நாளையாவது காசால் ஈடுகட்ட முடியாது, விட்டே ஆக வேண்டும். ஞாயிறுகளில் அங்கே ஆர்ச்சர்ட் ரோடு லக்கி பிளாசாவில் பிலிப்பினோ பெண்கள் திரள்கிறார்கள். அந்த விதியையாவது நாம் எடுத்துக்கொண்டிருக்கலாம்.

"வெளியே விட்டா ஓடிடுவாங்க" என்று ஏஜெண்ட் சொல்லிக்கொடுத்ததை நம் வீடுகளில் அப்படியே திருப்பிச் சொல்கிறார்கள். எனக்கு ஆத்திரம் வருகிறது. தோட்டத்தில் பால் மரம் வெட்டப் போன நம் பாட்டிமார், பிள்ளையை ஆயாக் கொட்டகையில் விட்டுவிட்டுத்தானே போனார்கள்? அந்த ஆயாவும் சாயங்காலம் தன் லயத்துக்குத் திரும்பினாள், தன் சனத்தோடு உட்கார்ந்து வெற்றிலை போட்டாள்.

எங்கள் தாமானின் பொது மண்டபம் ஞாயிறு மதியங்களில் பூட்டித்தான் கிடக்கிறது. இந்தப் பெண்கள் அங்கே கூடுவதற்காக, குடியிருப்பாளர் சங்கத்தின் அடுத்த கூட்டத்தில் சாவி கேட்கப் போகிறேன். ஒரு தையல் மெஷின் தருவதாகப் பக்கத்துத் தெரு அக்கா சொல்லியிருக்கிறார். உங்கள் வீட்டுப் பணிப்பெண்ணை அனுப்புவீர்களா என்பதை எனக்கு எழுதுங்கள்.