உப்புக் காற்றும் சைக்கிள் செயினும்

மழைக்காலம் வந்தால் அடுப்படியில் உப்பு ஜாடி நசநசத்துப் போவதைப் பார்க்காத வீடு இல்லை. மூடி சரியில்லையென்றால் அடியில் தண்ணீரே கோத்துக்கொள்ளும். காற்றில் ஈரம் சுமார் 75 சதவீதத்தைத் தாண்டினால், உப்பு அந்த ஈரத்தை இழுத்துக்கொண்டு தானும் கரைந்துவிடும் என்பதுதான் காரணம். கடலோர ஊர்களில் இதே விஷயம் ராத்திரி நேரங்களில் சைக்கிள் செயினிலும் நடக்கிறது. ஜாடியையாவது யாராவது பார்த்து மூடி வைப்பார்கள். செயினை யார் பார்க்கிறார்கள்?

சென்னைக்கு வடக்கே சுமார் 60 கி.மீ. தூரத்தில் இருக்கிறது பழவேற்காடு. ஒடிசாவின் சிலிகாவுக்கு அடுத்தபடியாக நாட்டின் இரண்டாவது பெரிய உப்பங்கழி ஏரி. ஒருபக்கம் ஏரி, மறுபக்கம் வங்கக் கடல். நடுவே மணல் திட்டின் மேல் லைட் ஹவுஸ் குப்பம், அரங்கம்குப்பம் என்று மீனவக் குப்பங்கள். எந்தப் பக்கமிருந்து காற்றடித்தாலும் அதில் உப்பு உண்டு. கூடவே மணலும் உண்டு. இரும்புக்கு இதைவிடப் பொல்லாத இடம் வேறு வேண்டாம்.

அந்த இரும்பை நம்பித்தான் பலருடைய காலைப்பொழுது தொடங்குகிறது. அரசுப் பள்ளிகளிலும் அரசு உதவி பெறும் பள்ளிகளிலும் 11-ஆம் வகுப்பு படிக்கிற பிள்ளைகளுக்கு அரசு தரும் விலையில்லா சைக்கிள் குப்பத்து வீட்டு வாசல்களில் நிற்கிறது. ஐஸ் பெட்டியைக் கேரியரில் கட்டிக்கொண்டு மீன் விற்கப் போகிறவருக்கும் சைக்கிள்தான் கடை. பெட்டியிலிருந்து ஒழுகுகிற ஐஸ் தண்ணீர் நேராகப் பின்சக்கரத்திலும் செயினிலும் இறங்கும். பாதி வழியில் செயின் அறுந்தால் அவருக்கு ஐஸ் கரைந்துபோகும். மீனின் விலை இறங்கும். பள்ளிப் பிள்ளைக்கோ முதல் பீரியட் போய்விடும். மேட்டில் நின்று மிதிக்கும்போது செயின் நழுவினால் கால் தவறிக் கீழே விழுவதும் நடக்கும்.

'எண்ணெய் போட்டுக்கொண்டுதானே இருக்கிறோம்? அப்படியும் துருப்பிடிக்கிறதே' என்பது கடலோரத்தில் பலரும் சொல்லும் குறை. எண்ணெய் போடுவதில் தப்பில்லை. எதன் மேல் போடுகிறோம் என்பதில்தான் தப்பு. உப்பு எண்ணெயில் கரையாது, மண்ணெண்ணெயிலும் கரையாது, தண்ணீரில்தான் கரையும். உப்பு படிந்த செயினின் மேல் எண்ணெய் விட்டால் உப்பை உள்ளே வைத்து மூடிய கதைதான். மேலே பளபளவென்று இருக்கும், உள்ளே துரு தின்றுகொண்டிருக்கும்.

உள்ளே என்றால் எங்கே? செயினின் ஒவ்வொரு கண்ணியிலும் பக்கத் தகடுகள், அவற்றைக் கோக்கும் ஒரு பின், அதைச் சுற்றி உருளும் ஒரு சின்ன ரோலர் இருக்கும். பின்னுக்கும் ரோலருக்கும் நடுவில் இருக்கும் அந்த இண்டு இடுக்கில்தான் உராய்வு முழுவதும். எண்ணெய் வேலை செய்ய வேண்டிய இடமும் அதுதான். வெளித்தகட்டின் மேல் பூசுகிற எண்ணெய் மணலைப் பிடித்து வைக்கத்தான் உதவும். எண்ணெயும் மணலும் சேர்ந்தால் உப்புத்தாள் போட்டுத் தேய்த்த மாதிரி செயினை அரித்துவிடும்.

அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் 1999-ல் சைக்கிள் செயினை வைத்து ஒரு சோதனை செய்தார்கள். நாம் மிதிக்கும் சக்தியில் 98.6 சதவீதம் வரை செயின் பின்சக்கரத்துக்குக் கொண்டுபோகிறது என்று தெரிந்தது. ஆச்சரியம் என்னவென்றால், ஆய்வகத்தின் சுத்தமான சூழலில் எந்த எண்ணெய் போட்டாலும் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. வெளியுலகில் அழுக்கு உள்ளே புகாமல் அந்த இடுக்கை அடைத்துக்கொண்டு நிற்பதுதான் எண்ணெயின் முக்கிய வேலை என்பது அவர்கள் வந்த முடிவு. தூசியும் உப்பும் இல்லாத அறைக்கே அப்படியென்றால், பழவேற்காட்டு மணலுக்கு என்ன சொல்வது!

வீட்டில் கைக்குக் கிடைப்பதை ஊற்றுகிற வழக்கம் நம்மிடம் உண்டு. தேங்காய் எண்ணெய் மார்கழிக் குளிரில் உறையும்; முதல் மழையில் கழுவிக்கொண்டு போகும். நல்லெண்ணெய் நாளாக ஆகப் பிசினாகும். மெக்கானிக் கடையில் சும்மா கிடைக்கிற பழைய இன்ஜின் ஆயிலில் உலோகத் தூள் இருக்கும், தோலுக்கும் கெடுதல். கிரீஸ் வெளியிலேயே அப்பிக்கொண்டு மணலைச் சேர்க்கும். தையல் மிஷின் எண்ணெய் பரவாயில்லை, உள்ளே இறங்கும். ஆனால் ரொம்ப மெல்லியது, சில நாளில் போய்விடும்.

ஸ்பிரே டப்பாவில் வரும் டபிள்யூடி-40 பற்றியும் கேட்பார்கள். பெயரில் உள்ள முதல் இரண்டு எழுத்தும் தண்ணீரை விலக்குவது என்பதைக் குறிப்பவை. 1950-களில் அமெரிக்காவின் அட்லஸ் ராக்கெட்டின் மேல்தகடு துருப்பிடிக்காமல் இருக்கப் பயன்பட்ட திரவம் அது. நனைந்த செயினிலிருந்து தண்ணீரை விரட்ட நல்லது. சாதாரண ஸ்பிரே நீண்ட நாள் எண்ணெயாக நிற்காது. அதை அடித்துத் துடைத்த பிறகு செயின் ஆயில் விட்டே ஆக வேண்டும்.

சைக்கிள் கடைகளில் செயினுக்கென்றே விற்கும் ஆயில் இரண்டு வகை. 'டிரை' வகை, போட்ட சில மணி நேரத்தில் காய்ந்து மெழுகு போல மெல்லிய படலமாக நிற்கும். மணல் அதிகம் ஒட்டாது. ஆனால் மழைக்குத் தாங்காது. 'வெட்' வகை கெட்டியானது. மழையிலும் உப்பு ஈரத்திலும் விடாமல் பிடித்துக்கொள்ளும். கூடவே அழுக்கையும் பிடித்துக்கொள்ளும். கடலோரத்தில் கணக்கு எளிது. ஐப்பசி தொடங்கி வடகிழக்குப் பருவமழை முடியும் வரை வெட். மணல் பறக்கும் கோடைக்கு டிரை. ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் வெட் வாங்கலாம். ஆனால் அடிக்கடி துடைக்கச் சோம்பல்படக் கூடாது. ஐஸ் பெட்டி கட்டும் சைக்கிளுக்கு எல்லாக் காலத்திலும் வெட்தான்.

இனி போடும் முறை. கடலுக்குப் போய் வந்த படகு இன்ஜினை நல்ல தண்ணீர் விட்டுக் கழுவும் பழக்கம் மீனவர்களுக்குப் புதிதல்ல. செயினுக்கும் அதே மரியாதைதான். நல்ல தண்ணீரைக் குடம் கணக்கில் எண்ணிப் புழங்கும் வீட்டில்கூட ஒரு மக் போதும். பாதி மக்கில் பாத்திரம் துலக்கும் லிக்விட் நாலு சொட்டு விட்டு, பழைய டூத் பிரஷ்ஷால் செயினின் நாலு பக்கமும் தேய்க்க வேண்டும். மீதித் தண்ணீரை மெதுவாக ஊற்றி அலச வேண்டும். உடனே பழைய காட்டன் துணியால் துடைத்து, அரை மணி நேரம் வெயிலில் நிறுத்த வேண்டும். ஈரத்தோடு எண்ணெய் விட்டால் பட்ட பாடெல்லாம் வீண்.

காய்ந்த பிறகு சைக்கிளை ஸ்டாண்டு போட்டு, பெடலைப் பின்பக்கமாக மெல்லச் சுற்றியபடி, செயினின் கீழ்வரிசையில் பல்சக்கரம் பக்கம் பார்த்திருக்கும் உட்புறத்தில், ஒவ்வொரு ரோலருக்கும் ஒரே ஒரு சொட்டு. செயினை இணைக்கும் லாக் இருக்கும் கண்ணியிலிருந்து தொடங்கினால் எங்கே முடிப்பது என்று குழப்பம் வராது. ஒரு செயினில் சுமார் 110 கண்ணிகள். மொத்த எண்ணெயும் ஒரு டீஸ்பூனுக்குமேல் வராது. பிறகு ஒரு நிமிடம் பெடலைச் சுற்றினால் எண்ணெய் உள்ளே இறங்கும். வெட் என்றால் பத்து நிமிடம், டிரை என்றால் ஒரு ராத்திரி விட்டுவிட்டு, உலர்ந்த துணியால் வெளிப்பக்கத்தை அழுத்தித் துடைக்க வேண்டும். எண்ணெய் வீணாகிறதே என்று இந்தத் துடைப்பைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள். துடைத்த செயினை விரலால் தொட்டால் கருப்பு ஒட்டக் கூடாது. அதுதான் பக்குவம்.

இரண்டு எச்சரிக்கை. சக்கரத்தின் ரிம்மிலும் பிரேக் கட்டையிலும் எண்ணெய் படவே கூடாது, பிரேக் பிடிக்காது. செயின் ஓடும்போது துணியைப் பல்சக்கரத்தின் பக்கம் கொண்டுபோகக் கூடாது. துணியோடு விரலையும் இழுத்துவிடும். சின்னப் பிள்ளைகள் பக்கத்தில் இருக்கும்போது இந்த வேலையே வேண்டாம்.

செயின் கவர் உள்ள சைக்கிள்களில் இன்னொரு சங்கதி. பாவாடையும் துப்பட்டாவும் மாட்டாமல் கவர் காப்பாற்றும். ஆனால் உள்ளே என்ன நடக்கிறது என்பதையும் மறைத்துவிடும். மாதம் ஒருமுறையாவது கவரைக் கழற்றிப் பார்ப்பது நல்லது.

செயினின் ஆயுளைப் பார்க்கப் பள்ளிக்கூட ஸ்கேலே போதும். செயினை இறுக்கமாக வைத்து, ஸ்கேலின் இன்ச் பக்கத்தில் பூஜ்யத்தை ஒரு பின்னின் நடுவில் வைத்தால், 12-ஆவது இன்ச் இன்னொரு பின்னின் நடுவில் சரியாக விழ வேண்டும். பின் ஒன்றரை மில்லிமீட்டர் தள்ளிப் போயிருந்தால் கியர் சைக்கிளுக்குச் செயின் மாற்றும் நேரம். சாதாரண சைக்கிளின் தடித்த செயின் மூன்று மில்லிமீட்டர் வரை தாங்கும். அதற்கும் மேல் ஓட்டினால் பல்சக்கரமும் தேய்ந்து, செலவு பல மடங்காகும்.

ஞாயிறு விடியலில் சென்னையிலிருந்து ரோடு பைக்கில் பழவேற்காடு வந்து, வறுத்த இறால் சாப்பிட்டுத் திரும்புகிறவர்களுக்கும் இது பொருந்தும். வீட்டுக்கு வந்து சைக்கிளைச் சுவரில் மாட்டிவிட்டு அடுத்த ஞாயிறுதான் எடுப்பார்கள். ஏரிக்கரை உப்பு அந்த ஏழு நாளும் செயினிலேயே இருக்கும். கியர் சைக்கிளின் செயின் மெல்லியது, விலையும் கூடுதல். வந்த அன்றே ஈரத்துணியால் துடைத்து, உலரவிட்டு, எண்ணெய் விடுவதே மிச்சம்.

கடலோரத்தில் வாரம் ஒருமுறை ஈரத்துணியால் துடைப்பதும், பதினைந்து நாளுக்கு ஒருமுறை அலசி எண்ணெய் விடுவதும் போதும். மழையிலோ வெள்ளத்திலோ நனைந்தால் அன்றைக்கே. கீச் கீச்சென்றால் எண்ணெய் கேட்கிறது. கரகரவென்றால் குளியல் கேட்கிறது.

பதினாறு வயதுப் பெண்ணோ பையனோ ஒருமுறை பார்த்தால் இந்த வேலையைத் தானே செய்துகொள்ளலாம். வெயிலில் காயவிடும் நேரம் போக இருபது நிமிட வேலை. ஞாயிறு சாயங்காலம் முடித்துவிட்டால் திங்கட்கிழமை முதல் பீரியடுக்கு நேரத்தோடு போய்ச் சேரலாம்.