செயலி மூடப்பட்டால் சமுதாயத்தின் நினைவு எங்கே போகும்?

தாம்பரம், குரோம்பேட்டை, பல்லாவரம் மஹல்லாக்களில் இன்று ஜனாஸா அறிவிப்பு, வரன் தேடல், ரத்த தேவை, கல்வி உதவி எனப் பலவும் வாட்ஸ்அப் குழுக்களில்தான் நடக்கின்றன. வளைகுடாவில் இருக்கும் பிள்ளைகளும் அங்கேதான் ஊர்ச் செய்தியை அறிகிறார்கள். அந்தச் செயலி ஒருநாள் இல்லாமல் போனால்? இது வெறும் கற்பனை அல்ல. வேறு தளங்களுக்கு ஏற்கெனவே நேர்ந்ததுதான்.

2014 செப்டம்பர் 30 அன்று கூகுள் நிறுவனம் ஆர்குட்டை மூடியது. மூன்று மாத அவகாசம் கொடுத்தது. அதற்குள் பெரும்பாலோர் ஃபேஸ்புக்குக்குப் போய்விட்டிருந்தார்கள். அடுத்தது யாஹூ குழுமங்கள். ராயர் காபி கிளப், மரத்தடி போன்ற தமிழ்க் குழுமங்கள் வளர்ந்த இடம் அது. 2019 இறுதியில் பழைய மடல்களையும் கோப்புகளையும் நீக்கப்போவதாக நிறுவனம் அறிவித்தது. 2020 டிசம்பர் 15 அன்று சேவையே நின்றது. டிக்டாக்குக்கு அந்த அவகாசமும் இல்லை. 2020 ஜூன் 29 இரவு 59 செயலிகளுக்கு மத்திய அரசு தடை விதித்தது. பத்து நாட்களுக்குள் இன்ஸ்டாகிராம் ரீல்ஸ் இந்தியாவுக்கு வந்தது. ஆனால் பார்வையாளர்களை யாரும் கூடவே அழைத்துச் செல்ல முடியவில்லை. அவரவர் மீண்டும் முதலிலிருந்து சேர்க்க வேண்டியிருந்தது.

மூன்றிலும் நாம் காண்பது ஒன்றுதான். ஆட்கள் இடம் மாறிவிடுகிறார்கள், பதிவுகள் மாறுவதில்லை. மாறும் ஆட்களிலும் இளைஞர்கள் முந்திக்கொள்கிறார்கள். பெரியவர்களும், வீட்டில் ஒரே கைபேசியைப் பகிர்ந்துகொள்ளும் பெண்களும் பின்தங்கிவிடுகிறார்கள். உதவி அதிகம் தேவைப்படுபவர்களும் அவர்கள்தான்.

2025 செப்டம்பர் இறுதியில் மாற்றத்தின் பேச்சு நம் பகுதியிலிருந்தே கிளம்பியது. தாம்பரத்தைத் தாண்டி, கூடுவாஞ்சேரி அருகே தலைமையகம் கொண்ட ஜோஹோவின் 'அரட்டை' செயலிக்கு நாடெங்கும் வரவேற்பு. மூன்றே நாட்களில் தினசரி புதிய பதிவுகள் 3,000 இலிருந்து 3,50,000 ஆனதாக ஸ்ரீதர் வேம்பு தெரிவித்தார். அழைப்புகளுக்கு இருந்த முழு மறையாக்கம் குறுஞ்செய்திகளுக்கு இல்லை என்ற கேள்வியும் அப்போதே எழுந்தது. 2021 ஜனவரியில் வாட்ஸ்அப்பின் தனியுரிமைக் கொள்கை சர்ச்சையானபோதும் இப்படித்தான். 72 மணி நேரத்தில் உலகெங்கும் 2.5 கோடிப் பேர் புதிதாக வந்ததாக டெலிகிராம் சொன்னது. ஆனாலும் வாட்ஸ்அப் காலியாகிவிடவில்லை. குடும்பம் முழுவதும் மாறாதவரை தனி ஒருவர் மாறிப் பயனில்லை.

எந்தச் செயலி சிறந்தது என்பதைவிட, நம் பதிவு யார் கையில் இருக்கிறது என்பதே முக்கியமான கேள்வி. நிக்காஹ் பதிவேட்டை ஜமாஅத் தன் அலுவலகத்தில்தான் வைத்திருக்கிறது. வெளியாரிடம் கொடுத்து வைப்பதில்லை. அதே கவனம் கைபேசிக்கும் தேவை.

ஒவ்வொரு குழுவுக்கும் குறைந்தது இரண்டு நிர்வாகிகள் இருக்கட்டும். மாதம் ஒருமுறை உரையாடலை 'எக்ஸ்போர்ட்' செய்து, கணினியில் ஒரு பிரதி வைக்கலாம். ரத்த தானம் செய்வோர், வாகனம் தர முன்வருவோர் ஆகியோரின் எண்களைத் தாளிலும் எழுதி வைக்க வேண்டும். 2015 டிசம்பரில் முடிச்சூரும் வரதராஜபுரமும் வெள்ளத்தில் மூழ்கியதைப் பார்த்தவர்களுக்கு, மின்சாரம் போய் கைபேசி அணைந்துவிட்டால் தாளின் அருமை என்ன என்பது புரியும். செயலி இல்லாத பெரியவர்களுக்குத் தகவல் சொல்ல, தெருவுக்கு ஒருவர் பொறுப்பேற்கலாம்.

ஒரு எச்சரிக்கையும் உண்டு. ஜகாத் பெறுவோரின் பெயர், விதவைகளின் வங்கிக் கணக்கு விவரம் போன்றவற்றை எந்தக் குழுவிலும் பகிரக் கூடாது. இடம் மாறும்போது பழைய குழு கைவிடப்பட்டாலும், உறுப்பினர்களின் கைபேசிகளில் அந்தத் தகவல் கிடக்கும். அது நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம்.

செயலிகள் வரும், போகும். மஹல்லா இருக்கும். அதன் பதிவும் அதனிடமே இருக்கட்டும்.