பகலை யார் கொடுப்பது?

வேலை பார்த்துக்கொண்டே நர்ஸ் படிப்புக்குத் தயாராவது எப்படி என்று கேட்பவர்களுக்குப் புத்தி சொல்ல அமெரிக்காவில் ஆள் பஞ்சமில்லை. விடியுமுன் எழுந்திரு, அட்டவணை போட்டுக்கொள், தூக்கத்தைக் குறை, மனமிருந்தால் மார்க்கமுண்டு. இப்படிப் போகிறது உபதேசம். நான் சொல்கிறேன்: இது உபதேசமல்ல. ஒரு சமூகம் தான் செய்யவேண்டிய காரியத்தைத் தனி மனுஷியின் தலையில் கட்டிவிட்டு நழுவிக்கொள்ளும் தந்திரம்.

கதை எழுதுவது என் தொழில். ஆகவே ஒரு பெண்ணைக் கற்பனை செய்கிறேன். வயது 34. அமெரிக்க நகரம் ஒன்றில் மளிகைக் கடையில் பில் போடுகிறாள். இரண்டு குழந்தைகள். படுத்த படுக்கையாகிவிட்ட தாய்க்குப் பணிவிடை செய்து, 'இதுதான் எனக்கேற்ற வேலை' என்று கண்டுகொண்டவள். நல்லது. ஆனால் நர்ஸிங் வகுப்பில் காலெடுத்து வைக்குமுன் அவள் வேறு சில பாடங்களை முடித்தாக வேண்டும். உடற்கூறும் உடலியக்கமும் இரண்டு பருவங்கள். அப்புறம் நுண்ணுயிரியல், ரசாயனம், மனோதத்துவம், புள்ளியியல், ஆங்கிலம். கல்லூரிக்குக் கல்லூரி பட்டியல் மாறும். எட்டு என்று வைத்துக்கொள்வோம்.

சம்பளத்தை விடமுடியாதவள் பருவத்துக்கு ஒன்றுதான் படிக்க முடியும். வருஷத்துக்கு இரண்டு. ஆக நான்கு வருஷம். இதற்கிடையில் ஒரு கடிகாரமும் ஓடுகிறது. விஞ்ஞானப் பாடங்களை 5 அல்லது 7 வருஷங்களுக்குள் படித்திருந்தால்தான் செல்லும் என்று பல கல்லூரிகள் விதி வைத்திருக்கின்றன. எட்டாவது பாடம் முடிகிறபோது முதல் பாடம் பழசாகத் தொடங்கிவிடும். இடம் கிடைக்காமல் ஓரிரு வருஷம் காத்திருந்தால் சில கல்லூரிகளில் அது காலாவதி! மறந்துவிட்டாளா என்று ஒரு பரீட்சை வைத்துப் பார்த்துவிடலாமே. பார்ப்பதில்லை, மறுபடியும் பணம் கட்டிப் படி என்கிறார்கள்.

யுத்தத்துக்குப் பின் நர்ஸுகளுக்குப் பஞ்சம் வந்த காலத்தில், 1952-ல், மில்ட்ரெட் மான்டாக் என்ற அம்மையாரின் யோசனைப்படி சமுதாயக் கல்லூரிகளில் இரண்டே வருஷத்தில் நர்ஸுகளைப் பயிற்றுவிக்கும் சோதனை அங்கே தொடங்கியது. உயர்ந்த காரியம். ஆனால் நம் கதாநாயகிக்கு அந்த இரண்டு வருஷம் இன்று ஆறு வருஷம்! அதிலும் கடைசி இரண்டு வருஷங்களில் ஆஸ்பத்திரிப் பயிற்சி பகல் முழுவதையும் விழுங்கிவிடும். கடை முதலாளி அந்தப் பகலை விட்டுக்கொடுப்பாரா?

'தரத்தைக் குறைக்கச் சொல்கிறீரா? கிருமி எது என்று தெரியாதவள் கையில் நோயாளியை ஒப்படைக்கலாமா?' என்று சிலர் என்மீது பாயக்கூடும். கூடாது ஐயா, கூடவே கூடாது. நுண்ணுயிரியலை ஒரு பக்கம்கூடக் கிழிக்கச் சொல்லவில்லை. முடிவில் எல்லோரும் எழுதவேண்டிய என்கிளெக்ஸ் பரீட்சையை எளிதாக்கவும் சொல்லவில்லை. நான் கேட்பது வேறு. தரத்தைச் சோதிக்கும் வாசல் ஒன்று; பணத்தைச் சோதிக்கும் வாசல் இன்னொன்று. இரண்டையும் ஒன்றாக்கிவிட்டு, உள்ளே வர முடியாதவளைப் பார்த்து 'உனக்கு அறிவு போதாது' என்று சொல்வது அயோக்கியத்தனம். இரவெல்லாம் வேலை பார்த்துவிட்டு வந்து அவள் வாங்கிய மார்க்கையும், தகப்பன் சம்பளத்தில் படித்த பெண் வாங்கிய மார்க்கையும் ஒரே தராசில் நிறுத்துவதற்குப் பெயர் சமத்துவமா?

'சேவைக்கு வருகிறவர்கள் தியாகம் செய்யட்டுமே' என்பார் இன்னொருவர். சேவையின் திருவுருவம் என்று நாம் கும்பிடுகிறோமே, அந்த ஃப்ளாரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையாரின் நிதியில் 1860-ல் லண்டன் செயின்ட் தாமஸ் ஆஸ்பத்திரியில் பள்ளி தொடங்கியபோது, பயிற்சி பெற்ற பெண்களுக்கு உணவும் இருப்பிடமும் தந்து, வருஷத்துக்கு 10 பவுனும் கொடுத்தார்கள். வயிற்றுக்குச் சோறு போட்டுவிட்டுத்தான் தியாகத்தைப் பற்றிப் பேசினார்கள்.

அதே இங்கிலாந்து 2017-ல் புது நர்ஸிங் மாணவர்களுக்கு உதவித்தொகையை நிறுத்தியது. 2020-ல் வருஷத்துக்குக் குறைந்தது 5,000 பவுன் என்று வேறொரு மானியத்தைக் கொண்டுவர வேண்டி வந்தது. ஆஸ்பத்திரியில் சம்பளம் வாங்கிக்கொண்டே படித்துப் பட்டம் பெறும் வழியையும் அங்கே திறந்திருக்கிறார்கள். அப்படி வந்தவரும் கல்லூரியிலிருந்து வந்தவரும் ஒரே தகுதியைக் காட்டித்தான் ஒரே பதிவேட்டில் ஏறுகிறார்கள். தரம் குறைந்தால்தான் கதவு திறக்கும் என்பது பொய்.

அமெரிக்காவைத் திட்டிவிட்டு நாம் மீசையை முறுக்க வேண்டாம். அங்கே 34 வயதில் தொடங்கவாவது ஒரு சமுதாயக் கல்லூரி இருக்கிறது. இங்கே? நர்ஸிங் பட்டத்துக்கு மேல்நிலை வகுப்பில் இயற்பியலும் வேதியியலும் உயிரியலும் படித்திருக்க வேண்டும். பதினைந்து பதினாறு வயதில், பெரும்பாலும் மார்க்கும் வீட்டாரும் தீர்மானிக்கிற 'குரூப்', ஆயுள் முழுவதற்கும் தலையெழுத்தாகிவிடுகிறது. அதையும் தாண்டி வந்தால் நான்கு வருஷம் முழுநேரப் படிப்பு. வார்டில் வருஷக்கணக்காக நோயாளியைப் புரட்டிப் படுக்க வைத்து, மலஜலம் எடுத்து, முகக்குறியிலேயே வலியைக் கண்டுகொள்ளும் ஆயாவின் அனுபவத்துக்கு அந்தக் கல்லூரி வாசலில் செல்லாக்காசு மதிப்பு!

நர்ஸுகள் போதவில்லை என்று புலம்பும் ஆஸ்பத்திரிகளையும் அரசாங்கங்களையும் நான் கேட்கிறேன். வாழ்க்கையில் அடிபட்டு, பிறர் நோவு அறிந்து, இந்தத் தொழில்தான் வேண்டும் என்று தேர்ந்து வருகிற மனுஷி உங்கள் வாசலில் நிற்கிறாள். மாலை வகுப்பு நடத்துங்கள். படிக்கும் காலத்துக்குப் பாதிச் சம்பளமாவது கொடுங்கள். பழைய படிப்பைத் தூக்கி எறியாமல் சோதித்து ஏற்றுக்கொள்ளுங்கள். வார்டு அனுபவத்துக்கு ஒரு மதிப்பெண் வையுங்கள்.

தூக்கத்தைத் துறக்க அவள் தயார். பகலை நீங்கள்தான் கொடுக்க வேண்டும்.