வெளுத்த பிளக்

பழைய மோடெனாஸ் ஜாகுஹ் 175. ஆசைப்பட்டு அகலமான எக்ஸோஸும் திறந்த ஏர் ஃபில்டரும் மாட்டினேன். சத்தம் கம்பீரம்தான், ஜேபிஜே கண்ணில் படாத வரை! ஆனால் ஈப்போவிலிருந்து சுங்கை சிப்புட் போவதற்குள் எஞ்சின் கொதித்தது.

வானொலிக்காரன் காதாச்சே! வீட்டு வாசலில் நிறுத்தி, கார்புரேட்டர் ஸ்குரூவைத் திருகிச் சுருதி சேர்த்தேன். தோட்டத்தில் பால்மரம் வெட்டிய அப்பா எட்டிப் பார்த்தார்.

"காத இருக்கட்டும், பிளக்கக் கழட்டிப் பாருடா."

சுண்ணாம்பாய் வெளுத்திருந்தது. எடைக் கணக்கில் ஒரு பங்கு பெட்ரோலுக்குச் சுமார் 14.7 பங்கு காற்று. என் வண்டி அதற்கு மேல் குடித்திருக்கிறது. இப்படியே முறுக்கினால் பிஸ்டனே உருகலாம். அந்த ஸ்குரூ, நின்று உறுமும்போது மட்டும்தான். வேகத்துக்கு மெயின் ஜெட். ஓர் அளவு பெரிதாக்கி ஓட்டினேன். இன்னும் வெளுப்பு. இன்னோர் அளவு.

இப்போது பிளக், வறுத்த மல்லி நிறம். அப்பா பின்னால் ஏறிக்கொண்டார்.

"தோட்டத்துப் பக்கம் விடு."