பாட்டிலில் எழுதியிருப்பது மல்லி... உள்ளே இருப்பது?

போன மாதம் முழுக்க வகுப்பில் என் பக்கத்தில் உட்கார்ந்து அவதிப்பட்ட நண்பர்களிடம் முதலில் ஒரு மன்னிப்பு. ஆறு அத்தர் பாட்டில் வாங்கி, ஒவ்வொன்றையும் நாலைந்து நாள் விடாமல் பூசிக்கொண்டு கல்லூரிக்கு வந்தேன். "என்னடா, பள்ளிவாசல்ல இருந்து நேரா வர்றியா?" என்று ஒருத்தன். "யாருக்குடா கல்யாணம்?" என்று இன்னொருத்தன். எல்லாவற்றையும் தாங்கிக்கொண்டு நான் செய்த ஆராய்ச்சியின் (!) முடிவுதான் இது. கொஞ்சம் கோபமாகத்தான் இருக்கும்.

முதலில் அந்தப் பள்ளிவாசல் கிண்டலுக்குப் பதில் சொல்லிவிடுகிறேன். கோயிலில் கொடுக்கிற சந்தனத்தை நெற்றியில் வைக்கிறோம். கல்யாண வாசலில் பன்னீர் தெளித்தால் முகத்தைக் காட்டுகிறோம். தாத்தா ஜவ்வாது பூசினால் "அந்தக் காலத்து மனுஷன்" என்கிறோம். அதே மாதிரி ஒரு வாசனையை ஒரு பாய் எண்ணெயில் இறக்கிச் சின்ன பாட்டிலில் விற்றால் மட்டும் மூக்கைச் சுளிக்க வேண்டுமா? சிலப்பதிகாரத்துப் புகாரிலேயே சாந்தும் சுண்ணமும் விற்பவர்கள் தெருவில் நடமாடுகிறார்கள். வாசனை பூசுவது இந்த மண்ணில் யாருக்கும் புதுசு இல்லை. ஆக, அத்தர் மேல் எனக்குக் கோபம் இல்லை. அத்தர் என்ற பெயரில் எழுதப்படும் ஒரு வார்த்தை மேல்தான் கோபம். "ஒரிஜினல்".

நிற்க. பூசிப் பார்த்த கதைக்கு வருகிறேன்.

ரோஜா. 12 மில்லி, 150 ரூபாய். "நூறு சதவீதம் இயற்கை, ஆல்கஹால் இல்லை" என்று பாட்டிலிலேயே போட்டிருந்தது. பூசியதும் நன்றாகத்தான் இருந்தது. அரை மணி நேரம் கழித்தும் அதே வாசனை. சாயங்காலமும் அதே வாசனை, ஒரே நேர்கோடு. ரோஜாப் பூ அப்படி இருக்காது, வாட வாட மாறும். சரி, கணக்குப் போட்டேன். ஒரு கிலோ ரோஜா எண்ணெய் எடுக்க மூவாயிரம், நாலாயிரம் கிலோ இதழ் வேண்டும். கிலோ பல லட்ச ரூபாய் போகும் சரக்கு அது. 150 ரூபாய்க்கு 12 மில்லி எப்படி வரும்? ரோஜா வாசனைக்குத் தொழிற்சாலையில் செய்கிற ஃபீனைல் எத்தில் ஆல்கஹால் இருக்கிறது, விலையும் மலிவு. (பேரிலேயே ஆல்கஹால்! குடிக்கிற, ஸ்பிரேயில் ஊற்றுகிற ஆல்கஹால் வேறு, இது வேறு. ரோஜாவிலும் பன்னீரிலும் இயற்கையாகவே இது உண்டு. ஆனால் "ஆல்கஹால் இல்லை என்றால் இயற்கை" என்று நம்புகிறவர்களுக்காகச் சொன்னேன்.)

ஊது. இதை நான் வாங்கவில்லை. கோட்டைப்பட்டினம் நண்பனுடைய அத்தா துபாயிலிருந்து கொண்டுவந்தது. "ஒரே சொட்டுடா, அதுக்கு மேல தர மாட்டேன்" என்று சொல்லித்தான் தடவிவிட்டான். முதலில் மாட்டுத்தொழுவம் மாதிரி ஒரு வீச்சம், ஓடிவிடலாமா என்று இருந்தது. ஒரு மணி நேரத்தில் அது அடங்கி, பழைய மர அலமாரியைத் திறந்த மாதிரி ஆனது. மறுநாள் குளித்த பிறகும் மணிக்கட்டில் லேசாக மிச்சம் இருந்தது. அகில் மரத்தில் பூஞ்சை தொற்றி, மரம் அதை எதிர்த்துச் சுரக்கிற பிசினிலிருந்து வருவது இந்த எண்ணெய். அஸ்ஸாம் பக்கம் எடுக்கிறார்கள். அழிந்துவிடும் என்ற பயத்தில் அந்த மரத்தின் சர்வதேச வியாபாரத்தை 1995 முதல் கட்டுப்பாட்டில் வைத்திருக்கிறார்கள். அப்படிப்பட்ட ஊது நம்மூரில் 100 ரூபாய்க்குக் கிடைக்கிறது. "ஒரிஜினல்".

சந்தனம். இது பெரிய கதை. பழைய முறை அத்தரில் சந்தன எண்ணெய்தான் அஸ்திவாரம். உத்தரப் பிரதேசத்தில் கன்னோஜ் என்று ஒரு ஊர். அங்கே செம்புப் பானையில் பூவையும் தண்ணீரையும் போட்டு, வாயைக் களிமண்ணால் அடைத்து, அடியில் விறகு வைத்து எரிக்கிறார்கள். ஆவி மூங்கில் குழாய் வழியாக இன்னொரு செம்புக் குடத்துக்குப் போகிறது. அந்தக் குடத்தில் முதலிலேயே சந்தன எண்ணெய் இருக்கும். பூவின் வாசனையை அது பிடித்து வைத்துக்கொள்ளும். இதுதான் அத்தர். ஆனால் சந்தன எண்ணெய் விலை எட்டாத உயரத்துக்குப் போன பிறகு அந்த இடத்துக்கு பாரஃபின் எண்ணெயும் வேறு கரைப்பான்களும் வந்துவிட்டன. நான் வாங்கிய "சந்தன" அத்தர் பத்து நிமிடம் இனித்தது. பிறகு கையில் எண்ணெய்ப் பிசுக்கு மட்டும்தான் மிச்சம்.

மண் அத்தர். இதைச் சொல்லாமல் விட முடியாது. சுட்ட களிமண்ணை அதே செம்புப் பானையில் காய்ச்சி, முதல் மழை வாசனையை எண்ணெயில் இறக்குகிறார்கள். மழை வாசனைக்குப் பெயர் வைத்து 1964-ல் கட்டுரை எழுதிய இரண்டு ஆஸ்திரேலிய விஞ்ஞானிகள், இந்தியாவில் இதை ஏற்கெனவே அத்தராக இறக்கிக்கொண்டிருந்ததையும் குறிப்பிட்டிருக்கிறார்கள். நான் தபாலில் வரவழைத்தேன். சின்ன பாட்டில்தான், காசு கொஞ்சம் அதிகம். நம்ம ஊர் மாதிரி மழைக்காகக் கண்மாயைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் ஊர்க்காரனுக்கு இது என்ன செய்யும் என்று நான் சொல்லவும் வேண்டுமா? மத்தியானம் வகுப்பில் தூக்கம் வரும்போது மணிக்கட்டை முகர்ந்தால் செம்மண்ணில் தூறல் விழுந்த மாதிரி. இரண்டு மணி நேரத்தில் போய்விடுகிறது. போனால் போகட்டும், மழை வாசனையும் அப்படித்தானே போகும்.

வெட்டிவேர். ஆறில் எனக்குப் பிடித்தது இதுதான். பானைத் தண்ணீரில் வேர் போட்டுக் குடித்து வளர்ந்தவர்களுக்கு இதைப் பற்றி விளக்கம் தேவையில்லை. கடைக்காரர் "இதுல வெட்டிவேர் எண்ணெய் கொஞ்சந்தான் தம்பி, மீதி கலவை. முழுசும் வேணும்னா விலை பத்து மடங்கு, எங்கிட்ட இல்ல" என்றார். எனக்கு அவரைக் கட்டிப்பிடிக்க வேண்டும் போல இருந்தது. ஆறு பாட்டிலில் உள்ளே என்ன இருக்கிறது என்று சொல்லி விற்றவர் அவர் ஒருவர்தான்.

இனி மல்லி. இந்தப் புலம்பலே மல்லிக்காகத்தான்.

என் பெரியம்மா வீடு கீரமங்கலம் பக்கம். புதுக்கோட்டைக்காரர்களுக்குச் சொல்ல வேண்டாம், மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். சுற்றியிருக்கிற கிராமங்களில் மல்லிகை, முல்லை, காக்கரட்டான், கனகாம்பரம், சம்பங்கி என்று பூ விவசாயம். விடியுமுன்னே தலையில் டார்ச் லைட்டைக் கட்டிக்கொண்டு பறிப்பார்கள். பூ மார்க்கெட்டுக்கு நேரத்தோடு போய்ச் சேர வேண்டும். முகூர்த்த நாளில் கிலோ ஆயிரத்தைத் தாண்டும். சில நாள் பறிகூலிக்கே கட்டாது. வாங்க ஆள் இல்லாமல் பூவைக் கொட்டிவிட்டு வருகிற நாளும் உண்டு. 2018 நவம்பரில் கஜா புயல் இந்தப் பக்கத்தையே புரட்டிப் போட்டது. 2020 ஊரடங்கில் கோயிலும் இல்லை, கல்யாணமும் இல்லை, பூவுக்கு நாதியும் இல்லை. ஆனால் பூ ஊரடங்கு பார்த்துப் பூக்காதே, அது பாட்டுக்குப் பூத்துக்கொண்டேதான் இருந்தது.

நான் வாங்கிய "மல்லி" அத்தரைப் பெரியம்மாவிடம் கொண்டுபோய், பெயரைச் சொல்லாமல் கையில் தடவிவிட்டு, "இது என்ன பூ சொல்லுங்க" என்றேன். முப்பது வருஷமாக மல்லி பறிக்கிற கை. இரண்டு தடவை முகர்ந்தார். "பூவா? ஊதுவத்தி மாதிரில இருக்கு. வாழைப்பழ வாடையும் அடிக்குது. என்னடா இது?" என்றார். மல்லி என்றதும் சிரித்துவிட்டார். அவர் சிரித்தார், எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அவர் மூக்கு தப்பாகச் சொல்லவில்லை. பென்சைல் அசிடேட் என்று ஒரு ரசாயனம். மல்லிகையிலும் அது உண்டு, தனியாக முகர்ந்தால் பழ வாசனை அடிக்கும். மலிவு அத்தரில் அதைத்தான் தாராளமாக ஊற்றுகிறார்கள். நிஜ மல்லியில் அதோடு இன்னும் எத்தனையோ இருக்கின்றன. இண்டோல் என்று ஒன்று, தனியாக அதிகமாக முகர்ந்தால் நாற்றம். பூவில் துளியாக இருப்பதால்தான் ராத்திரி மல்லிக்கு அந்தக் கிறக்கம். பறித்த பிறகும் மணிக்கணக்காக வாசனை விடுகிற பூ அது. அதை ஒரே ஒரு ரசாயனத்தில் அடைக்கப் பார்த்தால் ஊதுவத்திதான் வரும்.

நம் மல்லியை முழுசாகப் பாட்டிலில் அடைக்கவே முடியாதா? முடிகிறது. தமிழ்நாட்டிலேயே மல்லியிலிருந்து வாசனைச் சாறு எடுக்கிற ஆலைகள் இருக்கின்றன. கரைப்பானில் ஊற வைத்து எடுக்கிறார்கள். ஒரு கிலோ சுத்தச் சாறுக்கு ஏறக்குறைய 700 முதல் 1000 கிலோ பூ. அது கப்பலேறி, பிரான்சின் பெரிய பெரிய கம்பெனிகளின் செண்ட்டில் சேர்ந்து, பல ஆயிரம் ரூபாய்க்கு விற்கிறது. அந்தப் பாட்டில் நம் கைக்கு எட்டாது. எட்டுகிற பாட்டிலில் மல்லி இல்லை.

இப்போது எதிர்வாதத்துக்கு வருகிறேன், ஏனென்றால் நண்பன் ஒருத்தன் இரண்டு நாளாக இதை வைத்தே சண்டை போடுகிறான். "நூறு ரூபாய்க்கு ஒரு ஏழைக்கு வாசனை கிடைக்குது, அதுல உனக்கு என்னடா வயித்தெரிச்சல்? ரசாயனம்னா விஷமா?"

இல்லை. இந்த இடத்தில் அவன் சொல்வது நியாயம். ரசாயனம் பாவம் இல்லை. கஸ்தூரி என்று விற்பதெல்லாம் இன்று செயற்கைதான். அப்படி இருப்பதே நல்லது. இல்லாவிட்டால் கஸ்தூரி மானைக் கொல்ல வேண்டும். 1972-ல் வந்த வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி அது குற்றம். இயற்கை என்றால் தோலுக்கு ஒன்றும் செய்யாது என்பதும் கதை. நல்ல பூச்சாறே சிலருக்கு அரிப்பைக் கொடுக்கும். ஐரோப்பாவில் ஒவ்வாமை தரக்கூடிய வாசனைப் பொருட்களை, இயற்கையோ செயற்கையோ, குறிப்பிட்ட அளவுக்கு மேல் இருந்தால் பெயர் சொல்லி லேபிளில் போட வேண்டும். 2023-ல் அந்தப் பட்டியலை இன்னும் நீளமாக்கினார்கள். நம் ஊர் சோப்பு உறையைத் திருப்பிப் பாருங்கள், பெரும்பாலும் "பெர்ஃப்யூம்" என்று ஒரே ஒரு வார்த்தைதான். அத்தர் பாட்டிலில் அதுகூட இருப்பதில்லை.

ஆக, செயற்கை மல்லியை விற்காதே என்று நான் சொல்லவில்லை. "செயற்கை மல்லி" என்று எழுதி விற்கச் சொல்கிறேன். நூறு ரூபாய் கொடுக்கிற ஏழைக்கும் தான் எதற்குக் காசு கொடுக்கிறோம் என்று தெரிய வேண்டாமா? ஏழை என்றால் ஏமாற்றலாம் என்று அர்த்தமா?

இதில் ஏமாறுவது வாங்குகிறவர் மட்டும் இல்லை. என் பெரியம்மாவும்தான். இந்தக் கணக்கைப் பாருங்கள். 12 மில்லி பாட்டிலில் வெறும் ஒரு சதவீதம் நிஜ மல்லிச் சாறு சேர்த்தால் போதும் என்று வைத்துக்கொள்வோம். அதற்குச் சுமார் 100 கிராம் பூ வேண்டும். கிலோ 200 ரூபாய் என்றால் பூவுக்கு 20 ரூபாய். சாறு எடுக்கிற செலவு தனி, இருக்கட்டும். பத்தாயிரம் பாட்டிலுக்கு ஒரு டன் பூ! கொட்டிவிட்டு வந்த பூவுக்கு அங்கே ஒரு வழி இருக்கிறது. ஆனால் யார் சேர்ப்பார்கள்? ஒரு சொட்டுகூடச் சேர்க்காதவரும் "ஒரிஜினல் மல்லி" என்று அதே பெயரில் பக்கத்துக் கடையில் 100 ரூபாய்க்கு விற்றால், ஒரு சதவீதம் சேர்த்து 180 ரூபாய்க்கு விற்கிறவர் என்ன ஆவார்? கடையை மூடுவார். இல்லை, அவரும் சேர்ப்பதை நிறுத்துவார்.

கீரமங்கலத்தில் செண்ட் ஆலை வேண்டும் என்று நான் பள்ளியில் படித்த காலத்திலிருந்து கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். நியாயமான கோரிக்கை, வரட்டும். ஆனால் ஆலை வந்து சாறு எடுத்தால், அதை உள்ளூரில் யார் வாங்குவது? "மல்லி" என்று எழுத மல்லியே தேவையில்லை என்கிற சந்தையில் மல்லிச் சாறுக்கு என்ன வேலை? மறுபடியும் கப்பல்தான். மதுரை மல்லிக்கு 2013-ல் புவிசார் குறியீடு வாங்கினோம், பெருமைப்பட்டோம். பூக்கூடைக்குப் பேர் இருக்கிறது, பாட்டிலுக்கு ஒரு நியாயம் இல்லை.

நான் கேட்பது பெரிய விஷயம் இல்லை. பாட்டிலில் மூன்றே வரி. பூவின் நிஜச் சாறு எத்தனை சதவீதம். எந்த எண்ணெயில் கலந்தது. மீதி செயற்கையா, ஆமாம் என்றால் ஆமாம். பூஜ்யம் சதவீதம் என்றால் "பூஜ்யம்" என்றே போடட்டும், வாசனை பிடித்திருந்தால் நானே வாங்குவேன். சட்டம் வருகிறவரை காத்திருக்க வேண்டியதில்லை. அடுத்த தடவை அத்தர் வாங்கும்போது "அண்ணே, இதுல நிஜப் பூ எவ்வளவு?" என்று கேளுங்கள். பத்துப் பேர் கேட்டால் கடைக்காரர் மொத்த வியாபாரியிடம் கேட்பார். வெட்டிவேர் விற்ற அந்த மனிதர் கேட்காமலே சொன்னார், அவர் வியாபாரம் ஒன்றும் படுத்துவிடவில்லை. நான் மூன்று பேரை அனுப்பியிருக்கிறேன்.

அந்த மல்லி பாட்டில் இன்னும் என் மேஜையில் இருக்கிறது. யாருக்காவது வேண்டுமென்றால் இலவசமாகத் தருகிறேன். ஆனால் அதன் மேல் "மல்லி" என்ற பெயரைப் பேனாவால் அடித்துவிட்டுத்தான் தருவேன்.

பி.கு: பெரியம்மா ஊருக்குக் கிளம்பும்போது ஒரு பந்து நிஜ மல்லி கொடுத்துவிட்டார். பஸ்ஸில் முன்சீட்டு, பின்சீட்டு எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். ஒருத்தர்கூட "என்ன செண்ட் தம்பி?" என்று கேட்கவில்லை.